அல் கபோனும் ஒரு கணக்குப்பிள்ளையும்



போன பொங்கலுக்கு என் அக்கா மகன் பிரான்சிலிருந்து வந்து பத்து நாள் எங்களோடு தங்கியிருந்தான். வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது, தலையில் பாதி நரை. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவனுடைய கம்ப்யூட்டரிலிருந்து பட் பட் என்று துப்பாக்கிச் சத்தம். "மாமா, இது ஞாபகம் இருக்கா?" என்று திரையை என் பக்கம் திருப்பினான்.

கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு சின்னப் பொம்மை மனிதன் கிடங்கு ஒன்றுக்குள் ஓடிக்கொண்டிருந்தான். மரப்பெட்டிகள், படிகள், மேல்தளம். பார்த்தவுடன் ஞாபகம் வந்துவிட்டது. 1990ஆம் வருடம், பாரிசுக்கு வெளியே சர்செல்லில் அக்கா வீட்டு நாலாவது மாடி. அந்த விளையாட்டைப் பற்றியும், அதற்குப் பின்னால் இருக்கும் உண்மைச் சரித்திரத்தைப் பற்றியும் எழுதலாமென்று அன்றே நினைத்தேன். எழுத உட்கார்ந்தபோது என் சொந்தக் கதை ஒன்றும் கூடவே வந்துவிட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அத்தான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். நம் ஊர் வழக்கில் சொல்தா. 1990இல் லீவு போட்டுவிட்டு ஒரு மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அப்போது எனக்கு நாற்பது வயது. மருமகனுக்குப் பதினொன்று. அவனிடம் அம்ஸ்திராட் சி.பி.சி. 464 என்ற கம்ப்யூட்டர் இருந்தது. 1984இல் வந்த மாடல். விசைப்பலகையின் வலது பக்கத்திலேயே கேசட் ரெக்கார்டர் பொருத்தியிருக்கும். நாம் சினிமாப் பாட்டு கேட்ட அதே மாதிரி கேசட்டில்தான் விளையாட்டும் பதிவாகியிருக்கும். கேசட்டைப் போட்டு ஓடவிட்டால் கீச்சென்று ஒரு சத்தம் வரும். விளையாட்டு தயாராவதற்குள் அக்கா காப்பி போட்டுக் கொண்டுவந்து, நான் குடித்தும் முடித்திருப்பேன்.

கேசட்டின் அட்டையில் ஆங்கிலத்தில் 'தி அன்டச்சபிள்ஸ்' என்று போட்டிருந்தது. எனக்குத் திக்கென்றது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் நம் நாட்டில் யாருக்கும் தீண்டாமைதான் நினைவுக்கு வரும். இதில் என்ன விளையாட்டு என்று நினைத்தேன். மருமகன்தான், "இல்ல மாமா, இது 'லேஸ் ஏன்கொரூப்தீப்ல்' படத்தோட கேம்" என்றான். அப்போதுதான் விளங்கிற்று. பிரெஞ்சில் அந்தப் பெயருக்கு ஊழல்படுத்த முடியாதவர்கள், காசால் கறைப்படுத்த முடியாதவர்கள் என்று பொருள். சிகாகோ நகரத்தில் லஞ்சம் வாங்க மறுத்த ஒரு சின்ன அதிகாரிகள் குழுவுக்குப் பத்திரிகை வைத்த பட்டப்பெயர் அது. காசு நீட்டினாலும் இவர்களைத் தொட முடியாது என்பதால் 'தொடப்பட முடியாதவர்கள்'. எனக்கு இங்கிலீஷ் பெயர் குழப்பியது, பிரெஞ்சுப் பெயர் விளக்கியது. நான் படித்த படிப்பு அப்படி.

படம் 1987இல் வந்தது. இயக்கியவர் பிரையன் டி பால்மா. எலியட் நெஸ் என்ற இளம் அதிகாரியாகக் கெவின் காஸ்ட்னர், வயதான ரோந்துப் போலீஸ்காரராக ஷான் கானரி, அல் கபோனாக ராபர்ட் டி நீரோ. கானரிக்கு ஆஸ்கார் கிடைத்தது இந்தப் படத்துக்குத்தான். இசை என்னியோ மோரிகோனே. படத்துக்கும் முன்னால் 1959 முதல் 1963 வரை இதே பெயரில் ஒரு தொலைக்காட்சித் தொடர் ஓடியது. அதற்கு மூலம் நெஸ்ஸும் ஆஸ்கர் ஃப்ரேலி என்ற பத்திரிகையாளரும் சேர்ந்து எழுதிய புத்தகம். அந்தப் புத்தகம் வெளியானது 1957இல். அதே வருடம், புத்தகம் வருவதற்குள் நெஸ் இறந்துபோனார். தன் பெயர் உலகமெல்லாம் தெரியப்போகிறது என்பது அந்த மனிதருக்குத் தெரியவே தெரியாது.

விளையாட்டைச் செய்தது இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து ஓஷன் கம்பெனி. 1989இல் வெளியிட்டார்கள். அந்தக் காலத்தில் சினிமாப் படங்களுக்கு உரிமை வாங்கி விளையாட்டாக்குவதில் அவர்கள் பெரிய கை. 'ரோபோகாப்', 'பேட்மேன்' எல்லாம் அவர்கள் செய்தவைதான். இந்த வகை விளையாட்டைப் பக்கவாட்டில் நகரும் விளையாட்டு என்பார்கள். விழுப்புரம் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், நாம் அசையாமல் இருக்கப் பனைமரமும் ஏரியும் பின்னால் ஓடுமே, அது மாதிரிதான். பொம்மை மனிதன் ஏறக்குறைய நடுவிலேயே இருப்பான். அவன் ஓட ஓட, கிடங்கு அவனுக்குப் பின்னால் நகரும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரின் மொத்த நினைவகமே 64 கிலோபைட். இன்று கைப்பேசியில் நாம் அனுப்பும் ஒரு பொங்கல் வாழ்த்துப் படம்கூட அதைவிடப் பெரியது. அதிலும் 16 கிலோபைட் திரையில் தெரியும் படத்துக்கே போய்விடும். மீதி இடத்தில்தான் மனிதர்கள், சுவர், இசை, விதிமுறைகள் எல்லாவற்றையும் அடக்கவேண்டும். பொம்மைகளைத் தனியாக நகர்த்த அந்த இயந்திரத்தில் சாதனம் ஏதும் கிடையாது. ஒவ்வொரு அசைவுக்கும் பழைய படத்தை அழித்துப் புதிதாக வரையவேண்டும். ஆகவே இரண்டு மணி நேரப் படத்தில் பெரும்பகுதியை வெட்டி எறிந்தால்தான் விளையாட்டு பிறக்கும். வெட்டியது போக ஆறு கட்டங்கள் மிஞ்சின. கிடங்குச் சோதனை, எல்லைப் பாலத்தில் சாராயக் கடத்தலை மறிப்பது, சந்தில் துப்பாக்கிச் சண்டை, ரயில் நிலையப் படிக்கட்டில் குழந்தை வண்டி, அதே நிலையத்தில் பணயக் கைதியை மீட்பது, கடைசியில் மொட்டை மாடியில் ஃபிராங்க் நிட்டி என்ற அடியாளைத் துரத்துவது.

முதல் கட்டத்தில் மருமகன் சுட்டுக்கொண்டே போனான். திரையில் ஓர் அம்புக்குறி வழி காட்டும். அது காட்டுவது அல் கபோனின் கணக்கர்கள் இருக்கும் திசையை. அவர்களைப் பிடித்து, அவர்களிடம் இருக்கும் ஆதாரங்களைச் சேர்த்தால்தான் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். எத்தனை அடியாட்களைச் சுட்டாலும் ஆதாரம் சேராவிட்டால் கட்டம் முடியாது.

அவன் என்னிடம் கேட்டான்: "மாமா, கணக்கு எழுதுறவன் மேல ஏன் இவ்வளவு கோவம்? அவன் சும்மா எழுதத்தானே செய்றான்?"

எழுத்தர் வேலையில் இருபது வருடம் முடித்திருந்த நான், பதினொரு வயதுப் பையனின் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் காப்பியைக் குடித்தேன். பதில் இருந்தது. சொல்ல மனம் வரவில்லை. ஊர் திரும்பியபின் நூலகத்திலும், பிற்காலத்தில் இணையத்திலும் தேடித் தேடிப் படித்ததை இப்போது சொல்கிறேன்.

அமெரிக்காவில் மதுவிலக்கு 1920 ஜனவரி 17இல் அமலுக்கு வந்தது. அல் கபோன் பிறந்தது 1899 ஜனவரி 17. ஆக, சாராயத்தை நாடு மூடிய அன்று அந்தப் பிள்ளைக்கு இருபத்தொரு வயது நிறைந்தது. சட்டம் மூடியதைக் கள்ளச்சந்தை திறந்தது. சிகாகோவில் கள்ள மதுவும் சூதாட்டமும் அவன் கைக்குள் வந்தன. போலீஸ்காரர்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் மாதப்படி மாதிரி பணம் போனது. 1929இல் காதலர் தினத்தன்று ஏழு பேரைச் சுவரோரம் நிற்கவைத்துச் சுட்டார்கள். கபோன் அப்போது புளோரிடாவில் இருந்தான். அந்தக் கொலைகளுக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. சாட்சி சொல்ல ஆள் வரமாட்டார்கள், அவ்வளவுதான்.

மதுவிலக்குக் கதை நம் ஊர்ப் பெரியவர்களுக்குப் புதிதல்ல. 1948இல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தபோது இங்கே பிரெஞ்சு ஆட்சி. 1971இல் தமிழ்நாட்டில் திறந்து 1974இல் மறுபடி மூடினார்கள். அப்போதும் இங்கே கடைகள் திறந்திருந்தன. கோரிமேட்டைத் தாண்டினால் ஒரு சட்டம், தாண்டாவிட்டால் வேறு சட்டம். அமெரிக்காவுக்கும் அப்படி ஒரு பிரெஞ்சு வாசல் இருந்தது. கனடாவின் நியூபவுண்ட்லாந்துக்குப் பக்கத்தில் சேன் பியேர் மிக்கெலோன் என்ற தீவுகள். பூகோளப் பாடத்தில் பிரான்சின் தூரதேச நிலங்களைப் பாண்டிச்சேரி, சேன் பியேர் என்று வரிசையாக ஒப்பித்த தலைமுறை எங்களுடையது. சில ஆயிரம் பேர் வாழ்ந்த அந்த மீன்பிடித் தீவு, மதுவிலக்குக் காலத்தில் மீனை மறந்துவிட்டு விஸ்கிக் கிடங்காக மாறியது. காலி மதுப்பெட்டிப் பலகைகளைக் கொண்டு அங்கே வீடே கட்டினார்கள். 1933 டிசம்பரில் மதுவிலக்கு நீங்கியதும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது.

அல் கபோனைப் பிடித்தது யார்? படத்தையும் விளையாட்டையும் கேட்டால் நெஸ் என்று சொல்லும். நெஸ்ஸைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவரும் அவர் குழுவும் சாராய ஆலைகளை உடைத்தார்கள், லாரிகளைப் பிடித்தார்கள், நீட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் சேர்த்ததை வைத்து 5,000 மதுவிலக்குக் குற்றங்கள் அடங்கிய ஒரு குற்றப்பத்திரிகையே தயாரானது. ஆனால் அந்த வழக்கு விசாரணைக்கே வரவில்லை. கபோன் உள்ளே போனது வருமான வரியில்.

அதற்கு வழி திறந்தது 1927இல் வந்த ஒரு தீர்ப்பு. தென் கரோலினாவைச் சேர்ந்த சலிவன் என்ற கள்ளச் சாராய வியாபாரி, "சட்டவிரோத வருமானத்துக்கு வரிக்கணக்கு எழுதிக் கொடுத்தால் நானே என் குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாகுமே" என்று வாதாடினான். கெட்டிக்காரத்தனமான வாதம்தான். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சம்பாதித்தது எப்படியானாலும் கணக்குக் கொடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டது.

அதன்பின் நிதித்துறையின் புலனாய்வுப் பிரிவு இறங்கியது. கபோனின் அண்ணன் ரால்ஃப் முதலில் மாட்டினான். கூட்டத்தின் பணப்பொறுப்பாளன் ஜேக் குஸிக் மாட்டினான். விளையாட்டின் கடைசிக் கட்டத்தில் மொட்டை மாடியில் துரத்தப்படுகிறானே ஃபிராங்க் நிட்டி, படத்தில் நெஸ் அவனை மாடியிலிருந்து தள்ளிக் கொன்றுவிடுவார். நிஜத்தில் அவனும் வருமான வரி வழக்கில்தான் சிறைக்குப் போனான். வெளியே வந்து, 1943இல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு செத்தான்.

அல் கபோன் மட்டும் பிடிபடவில்லை. அவன் பெயரில் வங்கிக் கணக்கு கிடையாது, சொத்துக் கிடையாது, கையெழுத்துக் கிடையாது. எல்லாம் ரொக்கம். அவனுடைய வருமானத்தை நிரூபிக்கும் வேலை ஃபிராங்க் வில்சன் என்ற அதிகாரியிடம் வந்தது. துப்பாக்கியால் பெயர் வாங்கியவர் அல்ல அவர். காகிதத்தைத் தின்று வாழ்ந்த மனிதர் என்று சொல்லலாம். சிகாகோவில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து மாதக்கணக்கில் வங்கிச் சீட்டுகளையும் ரசீதுகளையும் புரட்டினார். 1930இல் ஒரு பழைய அலமாரியில் கட்டிவைத்திருந்த சில லெட்ஜர்கள் கிடைத்தன. 1926இல் மக்ஸ்விக்கின் என்ற இளம் அரசு வழக்கறிஞர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, சிகாகோவை ஒட்டிய சிசெரோவின் சூதாட்ட விடுதிகளைச் சோதனை போட்டு அள்ளிவந்தவை அவை. நாலு வருடமாக யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

ரெக்கார்டு ரூமில் வேலை பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. உலகத்தில் பாதி உண்மை தூசி படிந்த கட்டுகளுக்குள்தான் கிடக்கிறது.

அந்த லெட்ஜரில் ரூலெட், குதிரைப் பந்தயம் என்று தனித்தனிப் பத்திகள். அன்றாட வரவு. பங்கு பிரித்த விவரம். பங்குக்காரர்களில் 'அல்' என்ற பெயரும் இருந்தது. ஆனால் கோர்ட்டில் அது போதாது. இதை எழுதியவன் யார், அவன் வந்து "ஆமாம், இது நான் எழுதியது, இந்த அல் இவர்தான்" என்று சொல்வானா?

வில்சன் கையெழுத்தைத் தேடினார். சூதாட்டக் கும்பலைச் சேர்ந்தவர்கள் வங்கியிலும் அலுவலகங்களிலும் எழுதிக்கொடுத்த சீட்டுகளை எல்லாம் சேகரித்து, லெட்ஜரின் எழுத்தோடு ஒப்பிட்டார். கடைசியில் ஒன்று பொருந்தியது. லெஸ்லி ஷம்வே. சூதாட்ட விடுதியில் கணக்கு எழுதிய ஒரு சாதாரண ஆள். 1931இல் அவரைப் புளோரிடாவில் ஒரு பந்தய மைதானத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது கண்டுபிடித்தார்கள். ஃபிரெட் ரீஸ் என்ற இன்னொரு காசாளரும் அகப்பட்டார். கபோனின் ஆட்களுக்குத் தெரிந்தால் இருவருக்கும் உயிர் மிஞ்சாது. ரீஸை விசாரணை வரும்வரை தென் அமெரிக்காவுக்கே அனுப்பி ஒளித்து வைத்தார்கள்.

வழக்கு 1931 அக்டோபரில் வந்தது. ஜூரர்களின் பெயர்ப்பட்டியல் கபோன் கைக்குப் போய்விட்டது என்று தெரிந்ததும், விசாரணை தொடங்கிய காலையிலேயே நீதிபதி வில்கர்சன் இன்னொரு நீதிமன்றத்து ஜூரர்களை வரவழைத்து மாற்றிவிட்டார். இதைப் படத்திலும் காட்டுகிறார்கள், அது நிஜம். ஷம்வே சாட்சிக் கூண்டில் ஏறினார். லெட்ஜரைக் காட்டினார்கள். தன் கையெழுத்துதான் என்று சொன்னார். எதிரே கபோன் உட்கார்ந்திருந்தான்.

அக்டோபர் 17இல் தீர்ப்பு, 24இல் தண்டனை. பதினொரு வருடச் சிறை, 50,000 டாலர் அபராதம். பல கொலைகளுக்குக் காரணமானவன் என்று ஊர் அறிந்தவனை உள்ளே தள்ளியது ஒரு கணக்கரின் பேனா எழுத்து. அட்லாண்டாவிலும் பிறகு அல்கட்ராஸ் தீவுச் சிறையிலும் இருந்துவிட்டு, நோயாளியாக 1939இல் வெளியே வந்தான். 1947இல் இறந்தான்.

இப்போது அந்த விளையாட்டை மறுபடி பார்க்கிறேன். ஒரு கிடங்கு, ஒரு பாலம், ஒரு சந்து, ஒரு ரயில் நிலையம், ஒரு மொட்டை மாடி. எல்லாம் துப்பாக்கி. நீதிமன்றம் இல்லை, வில்சன் இல்லை, அலமாரி இல்லை. குற்றம் சொல்ல முடியாது. 64 கிலோபைட்டில் லெட்ஜர் புரட்டுவதை யார் காசு கொடுத்து விளையாடுவார்கள்? ஆனாலும் கவனியுங்கள். முதல் கட்டத்தில் தேடுவது கணக்கர்களை. ரயில் நிலையத்தில் நடப்பதெல்லாம் கபோனின் கணக்கனுக்காகத்தான். பணயக் கைதியாகப் பிடிபட்டிருப்பதும் அதே கணக்கன். அவன் செத்தால் வழக்குச் செத்தது. ஆகவே எதிரியை மட்டும் குறிபார்த்துச் சுடவேண்டும். ஆறில் மூன்று கட்டங்கள் கணக்கு எழுதுகிறவனைச் சுற்றியே நடக்கின்றன. எவ்வளவு வெட்டினாலும் அந்த உண்மையை மட்டும் வெட்டமுடியவில்லை. பதினொரு வயதுப் பையன் அதைத்தான் பிடித்துக்கொண்டு கேட்டான், சும்மா எழுதுகிறவன் மேல் ஏன் இவ்வளவு கோபம் என்று.

அவனுக்கு நான் ஏன் பதில் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதை இதுவரை எழுதியதில்லை.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு எழுத்தும் எண்ணும் எழுதக் கற்றுக்கொடுத்த விதம் வேறு. 1 என்ற எண்ணுக்கு மேலே நீளமாக ஒரு சாய்வுக் கோடு இழுப்போம். அது 7 மாதிரி தெரிந்துவிடக்கூடாது என்பதற்காக 7க்கு நடுவில் ஒரு சின்னக் குறுக்குக் கோடு போடுவோம். வேலைக்குச் சேர்ந்தபின் இங்கிலீஷ் பள்ளியில் படித்து வந்தவர்கள் என் எண்களைப் பார்த்துக் கேலி செய்வார்கள். ஆனால் எழுத்து அழகு என்று லெட்ஜர் எழுதும் வேலையை எனக்கே கொடுப்பார்கள்.

1970களின் கடைசியில் நான் இருந்த ஓர் அலுவலகத்தில் சிமெண்ட் வந்தது. அப்போது சிமெண்டுக்குப் பெரிய தட்டுப்பாடு, பர்மிட் காலம். வந்தது 210 மூட்டை. நான் அப்படியே பதிவு செய்தேன். சாயங்காலம் மேலதிகாரி கூப்பிட்டார். லெட்ஜரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "ஒங்க ஒன்னும் ஏழு மாதிரிதானே இருக்கு. நடுவுல ஒரு கோடு போட்டுட்டா போச்சு" என்றார். எனக்குக் காசு எதுவும் தரவில்லை, நான் கேட்கவும் இல்லை. மறுத்தால் எங்காவது மாற்றிவிடுவார்கள் என்ற பயம். வீட்டில் கைக்குழந்தை. அவர் எதிரிலேயே பேனாவை எடுத்து அந்தக் கோட்டைப் போட்டேன். 210 என்பது 270 ஆயிற்று. ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குகூட இருக்காது அந்தக் கோடு.

இரண்டு வருடம் கழித்துத் தணிக்கைக்கு வந்தார்கள். வயதான ஒரு தணிக்கையாளர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார். "இந்த ஏழு யாரோடது?" என்று கேட்டார்.

"என்னோடதுதான் சார்."

"நீங்க எழுதுன மத்த ஏழெல்லாம் கோடு கொஞ்சம் மேல ஏறி இருக்கு. இது நேரா இருக்கு. மூட்டைய எண்ணிப் பார்த்தீங்களா?"

நான் பேசவில்லை. அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு ஏதோ எழுதிக்கொண்டார். லெட்ஜரில் 270 என்று இருந்தது, ஸ்டோரில் கணக்கு 60 மூட்டை இடித்தது. பழி ஸ்டோர் கீப்பர் தலையில் விழுந்தது. அறுபது மூட்டையின் விலையை அவர் சம்பளத்தில் மாதா மாதம் பிடித்தார்கள். மேலதிகாரி பதவி உயர்வில் போய்விட்டார். ஸ்டோர் கீப்பர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வாசலில் பார்த்தால், "என்ன தம்பி, சாப்பிட்டாச்சா?" என்பார். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பதை நான் கடைசிவரை கேட்கவில்லை. அவர் இறந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

முப்பத்தெட்டு வருட சர்வீஸில் ஒரு காசு லஞ்சம் வாங்கியதில்லை என்று ஓய்வு பெற்ற நாளில் மாலையோடு நின்று பேசினேன். அது பொய் இல்லை. ஆனால் 'ஏன்கொரூப்தீப்ல்' என்ற சொல்லுக்கு நான் உரியவன் இல்லை. காசு வாங்காதிருப்பது அதில் பாதிதான். "இதை எழுதியது நான், எழுதச் சொன்னது இவர்" என்று வாய்திறப்பது மீதிப் பாதி. ஷம்வே யோக்கியர் என்று நான் சொல்லமாட்டேன். சூதாட்டக்காரனிடம் கூலிக்குக் கணக்கு எழுதியவர்தான். ஆனால் கேள்வி கேட்கப்பட்ட இடத்தில், கொலைகாரனுக்கு எதிரே நின்று பதில் சொன்னார். என் எதிரே இருந்தது மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு சாதுவான கிழவர்.

இதையெல்லாம் அன்று மத்தியானம் மருமகனிடம் சொன்னேன். அவன் விளையாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஸ்டோர் கீப்பர் வீட்டுல இப்ப யாராவது இருக்காங்களா மாமா?" என்றான்.

அவருக்கு ஒரு மகள் உண்டு, ஊரிலேயே எங்கேயோ கட்டிக்கொடுத்ததாகக் கேள்வி. விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கண்டுபிடித்தால் போய்ச் சொல்லவேண்டும். எதற்கு இந்த வயதில் என்று வீட்டில் கேட்கிறார்கள். கணக்கு என்றால் என்றைக்காவது நேர் செய்யத்தானே வேண்டும்.

ஒன்று மட்டும் அன்றே மாற்றிக்கொண்டேன். தணிக்கைக்கு வந்தவர்கள் கிளம்பிப்போன நாளிலிருந்து என் 7க்கு நடுவில் கோடு போடுவதில்லை. இன்றும் பால் கணக்கு எழுதும்போது, 1ஆ 7ஆ என்று புரியாமல் என் மனைவி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.